காய் யார் கையில்? இணைய விளையாட்டும் கள்ளாட்டமும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

தேவராவிலிருந்து வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில், எர்ணாகுளம் காயற்கரையை ஒட்டி நிற்கும் கேரள உயர்நீதிமன்றத்தில் 2021 செப்டம்பர் 27 அன்று நீதிபதி டி.ஆர்.ரவி ஒரு தீர்ப்பை வழங்கினார். பணம் வைத்து இணையத்தில் ஆடப்படும் ரம்மியைத் தடைக்குள் கொண்டுவந்த கேரள அரசின் அறிவிக்கை அத்தீர்ப்பால் நீங்கியது. 1960ஆம் ஆண்டுக் கேரளச் சூதாட்டச் சட்டத்தின் 14ஏ பிரிவு, திறமை மிகுந்த விளையாட்டுகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தருகிறது. அதன்படி 1976இல் ரம்மிக்கு விலக்கு கிடைத்தது. 2021 ஜனவரியில், இணைய ரம்மி விளம்பரங்களில் தோன்றிய விராட் கோலி, தமன்னா, அஜு வர்கீஸ் ஆகியோருக்கு ஒரு பொதுநல வழக்கில் இதே நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியிருந்தது. அடுத்த மாதம் 23ஆம் தேதி, பணயம் வைத்து ஆடும் இணைய ரம்மிக்கு இந்த விலக்கு பொருந்தாது என்று அரசு அறிவித்தது. நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. ரம்மி திறமை விளையாட்டு, இணையத்தில் ஆடுவதாலோ பணயம் வைப்பதாலோ அதன் இயல்பு மாறாது என்பது தீர்ப்பின் சாரம்.

வழக்கின் கேள்வி திறமையா, அதிர்ஷ்டமா என்பது. சீட்டைக் கலைப்பது யார், எதிரே அமர்ந்திருப்பது யார் என்ற கேள்விகள் அதன் மையத்தில் இல்லை. இந்திய நீதிமன்றங்கள் ரம்மியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அடித்தளமாகக் கொள்வது 1968ஆம் ஆண்டின் சத்தியநாராயணா வழக்கு. செகந்திராபாத்தில் ஒரு மனமகிழ் மன்றத்தில் காவல்துறை நடத்திய சோதனையில் பிறந்த வழக்கு அது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைப்பதும், கையில் சேர்ப்பதும் தள்ளுவதும் திறமையைக் கோருகின்றன என்றும், மன்றம் சீட்டுக்கட்டுக்கும் வசதிகளுக்கும் அளவான கட்டணம் பெறுவதாலேயே அது சூதாட்ட விடுதி ஆகிவிடாது என்றும் உச்சநீதிமன்றம் சொன்னது. அங்கே மேசை கண்ணெதிரே இருந்தது. கட்டு பலர் கையில் பட்டது. நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். 53 ஆண்டுகள் கழித்து அதே வாதம் எர்ணாகுளத்தில் எடுத்தாளப்பட்டபோது மேசையும் கட்டும் முகங்களும் ஒரு நிறுவனத்தின் சர்வருக்குள் சென்றுவிட்டிருந்தன.

கள்ளாட்டத்தைத் தடுத்த முயற்சிகளின் வரலாறு, ஆட்டக்கருவி யார் கையில் இருக்க வேண்டும் என்ற பூசலின் வரலாறாகவே நெடுங்காலமாக இருந்துவருகிறது. அந்தப் பூசலின் பழைய இந்தியப் பதிவு ஒன்று அர்த்தசாஸ்திரத்தின் மூன்றாம் அதிகரணத்து இருபதாம் அத்தியாயத்தில் உள்ளது. சூதாட்டக் கண்காணிப்பாளன் ஆட்டத்தை ஒரே இடத்தில் நடத்துவிக்க வேண்டும். வேறிடத்தில் ஆடுபவனுக்கு 12 பணம் தண்டம். ஒரே இடத்தில் கூட்டுவதற்கு அந்நூல் சொல்லும் காரணம் அறநெறி அன்று. மறைவான பிழைப்பு நடத்துவோரைக் கண்டறிய அது வசதி என்பதே. சோழியும் கவறும் கண்காணிப்பாளனே தர வேண்டும். அவற்றை மாற்றி வைப்பவனுக்கும் 12 பணம் தண்டம். கள்ளாட்டம் ஆடினால் வென்றது பறிமுதலாகும், தண்டமும் உண்டு. வென்ற தொகையில் நூற்றுக்கு ஐந்தும், காய்க்கும் நீருக்கும் இடத்துக்கும் வாடகையும் அவன் பெறுவான். செகந்திராபாத் மன்றத்தின் கட்டணமும், இன்றைய நிறுவனங்கள் ஒவ்வோர் ஆட்டத்திலும் எடுத்துக்கொள்ளும் பங்கும் இந்த வரிசையில் வருபவைதாம். மனுஸ்மிருதியோ சூதையும் பந்தயத்தையும் அரசன் நாட்டிலிருந்தே விலக்க வேண்டும் என்கிறது. தடையா, கண்காணிப்பா என்ற இருவழியும் நமக்குப் புதியவை அல்ல.

அதே அத்தியாயத்தில் பலரும் கவனிக்காது கடக்கும் ஒரு மறுப்பு உண்டு. ஆட்டத் தகராற்றில் வென்றவனுக்குக் குறைந்த தண்டமும் தோற்றவனுக்கு நடுத்தரத் தண்டமும் விதிக்க வேண்டும் என்பது முன்னோர் கருத்து. தன் அறிவுக்கு மிஞ்சி ஆசைப்பட்டு, தோல்வியைப் பொறுக்காமல் வந்தவன் அல்லவா அவன்? கௌடில்யர் இதை ஏற்கவில்லை. தோற்றவனுக்குத் தண்டத்தைக் கூட்டினால் அரசனிடம் புகார் சொல்ல யாருமே வரமாட்டார்கள், சூதாடிகளோ பெரும்பாலும் கள்ளாட்டக்காரர்கள் என்கிறார். புகார்தாரன் இல்லாவிட்டால் கள்ளாட்டம் வெளியே தெரியாது என்ற நிர்வாக அறிவு இது. இந்த மறுப்பு பின்னர் மீண்டும் வரும்.

காயை விடுதியே தரட்டும் என்ற தீர்வு இணையத்தில் முதலில் சோதிக்கப்பட்டது போக்கர் ஆட்டத்தில்தான். 1990களின் இறுதியில் பணம் வைத்து ஆடும் இணையப் போக்கர் தளங்கள் தோன்றின. அவற்றுள் பிளானட் போக்கர் பயன்படுத்திய மென்பொருளை ஏ.எஸ்.எஃப். என்ற நிறுவனம் எழுதியிருந்தது. தன் சீட்டுக்கலைப்பு நேர்மையானது என்று காட்டுவதற்காக அந்நிறுவனம் கலைப்பு நிரலையே வெளியிட்டது. 1999இல் ரிலையபிள் சாஃப்ட்வேர் டெக்னாலஜிஸ் நிறுவனத்து ஆய்வாளர்கள் அதைப் படித்துப் பார்த்தனர். 52 சீட்டுகளை அடுக்கக்கூடிய வகைகளின் எண்ணிக்கை 68 இலக்கம் கொண்டது. ஆனால் அந்த நிரல் தற்செயல் எண்களைத் தொடங்கப் பயன்படுத்திய விதை எண் 32 பிட் அளவுடையது. ஆக, ஏறத்தாழ 429 கோடி அடுக்குகளே சாத்தியம். அந்த விதையும் நள்ளிரவிலிருந்து கடந்த மில்லிசெகண்டுகளின் எண்ணிக்கையிலிருந்து எடுக்கப்பட்டதால் அது 8.64 கோடியாகச் சுருங்கியது. சர்வரின் கடிகாரத்தோடு தம் கடிகாரத்தை ஒத்திசைத்தபோது சுமார் 2 லட்சம் அடுக்குகளே எஞ்சின. தம் கையிலுள்ள இரு சீட்டுகளும் மேசையில் திறந்த மூன்று சீட்டுகளும் தெரிந்தால் போதும்; எதிரியின் கையையும் வரப்போகும் சீட்டுகளையும் கணினி உடனே சொல்லிவிட்டது. ஆய்வாளர்கள் பணம் பறிக்காமல் குறையை அறிவித்தனர். விடுதியின் நேர்மையை ஐயுற இதில் இடமில்லை. அது தந்த காய்தான் கோணலாக இருந்தது.

எட்டாண்டுகள் கழித்து விடுதியே கோணலானது. 2007இல் அப்சொலூட் போக்கர் தளத்தின் ஒரு போட்டியில் இரண்டாம் இடம் பெற்றவர், தன்னை வென்றவரின் ஆட்டத்தில் ஐயமுற்று ஆட்டப்பதிவைக் கேட்டார். நிறுவனம் அனுப்பிய கோப்பில், வழக்கமாக மறைக்கப்படும் எல்லா ஆட்டக்காரர்களின் சீட்டுகளும், மேசையைப் பார்வையிட்ட கணக்குகளின் விவரமும் தவறுதலாக இடம்பெற்றிருந்தன. போக்கர் ஆடுவோர் கூடி அதை அலசினர். பார்வையாளராக ஒரு கணக்கு மேசைக்கு வந்த பின்னரே வென்றவர் பிழையின்றி ஆடத் தொடங்கியது தெரிந்தது. அந்தப் பார்வையாளர் கணக்குக்கு எல்லார் கையும் தெரியும். அது நிறுவனத்தின் உள்ளிருந்தே வந்தது. அடுத்த ஆண்டு அல்டிமேட்பெட் தளத்திலும் இதே வகை மோசடி வெளிப்பட்டது, சுமார் 2.2 கோடி டாலர் ஆட்டக்காரர்களுக்குத் திருப்பித் தரப்பட்டது. இத்தளங்களுக்கு உரிமம் வழங்கியிருந்தது கனடாவின் மொஹாக் மக்கள் பகுதியான கானவாகேயின் ஆணையம். அது முன்னதற்கு 5 லட்சம் டாலரும் பின்னதற்கு 15 லட்சம் டாலரும் தண்டம் விதித்தது. கண்காணிப்பாளன் தூங்கிய இடத்தில் கள்ளனைப் பிடித்தது தோற்றவர்களின் பிடிவாதமும் ஒரு எழுத்தரின் கைப்பிழையும்தான்.

சீட்டாட்டத்தில் விடுதி எல்லாவற்றையும் தன்னிடமே வைத்துக்கொள்ள முடியும். ஒருவர் முறை முடிந்து அடுத்தவர் முறை வரச் சில நொடிகள் ஆனால் யாரும் பொருட்படுத்துவதில்லை. துப்பாக்கிச் சூட்டு விளையாட்டுகளில் அது இயலாது. சர்வருக்குச் செய்தி சென்று திரும்பும் சில பத்து மில்லிசெகண்டுகளுக்குள் வெற்றியும் தோல்வியும் முடிந்துவிடும். ஆதலால் சுவருக்குப் பின்னால் வந்துகொண்டிருக்கும் எதிரியின் இருப்பிடத்தைச் சர்வர் முன்கூட்டியே ஆட்டக்காரரின் கணினிக்கு அனுப்பிவைக்கிறது. சுவரை வரைந்து மறைக்கும் வேலை அக்கணினியுடையது. சீட்டுக்கட்டை எதிராளியின் சட்டைப்பையில் வைத்துவிட்டு, கேட்கும்போது மட்டும் எடுத்துக் கொடு என்று சொல்வதற்கு ஒப்பானது இது. 1999 டிசம்பரில் ஜான் கார்மாக் குவேக் விளையாட்டின் மூலநிரலை எல்லாரும் படிக்க வெளியிட்டபோது இந்த அமைப்பின் பலவீனம் வெட்டவெளிச்சமாயிற்று. திருத்திய நிரலோடு ஆட வந்தவர்களால் வேகத்தைக் கூட்டவும் தானாகக் குறிபார்க்கவும் முடிந்தது. கட்டற்ற மென்பொருளின் ஆதரவாளர்களுக்கு அது சங்கடமான மாதம். மூலநிரல் திறந்திருந்தால் குறைகள் விரைவில் சரியாகும் என்ற அவர்கள் நம்பிக்கை, கருவியின் உரிமையாளனே எதிராளியாக இருக்கும் இடத்தில் எடுபடவில்லை.

இதற்கு வந்த மாற்று, ஆட்டக்காரரின் வீட்டுக்குள் ஒரு காவலாளியைக் குடிவைப்பது. 2000இல் பங்க்பஸ்டர் வந்தது. 2002இல் வால்வ் நிறுவனம் கவுண்டர்-ஸ்ட்ரைக் விளையாட்டுக்குத் தன் காவல் மென்பொருளை இணைத்தது. கண்டுபிடித்த உடனே தண்டிக்காமல் நாள் கடத்தி மொத்தமாகத் தடைசெய்வது அதன் வழக்கம். எந்தச் செயல் காட்டிக்கொடுத்தது என்பதைக் கள்ள மென்பொருள் எழுதுவோர் அறியக்கூடாது என்பது காரணம். காலப்போக்கில் காவலாளி இன்னும் உள்ளே சென்றார். 2020இல் வாலரண்ட் விளையாட்டோடு வந்த வேன்கார்ட், கணினியின் இயக்க முறைமையின் அடித்தளத்திலேயே, கணினி எழும்போதே தானும் எழுந்து அமர்கிறது. ஒரு விளையாட்டுக்காக ஒருவர் தன் வங்கிக் கணக்கும் கடிதங்களும் இருக்கும் கணினியின் முழுத் திறவுகோலையும் கொடுக்கிறார். கள்ளாட்டத்தை வெறுக்கும் பெரும்பான்மையோர் இதை மனமுவந்தே கொடுத்தனர் என்பதையும் சொல்ல வேண்டும்; பத்து நேர்மையாளர்கள் ஆடும் களத்தில் ஒரு கள்ளன் புகுந்தால் பத்துப் பேரின் மாலைப்பொழுதும் வீணாகிறது.

இந்த வரலாற்றில் இந்தியாவின் பெயர் பதிந்த நாள் 2018 அக்டோபர் 19. ஷாங்காயில் ஆசிய அளவிலான கவுண்டர்-ஸ்ட்ரைக் போட்டி நடந்தது. ஆப்டிக் கேமிங் என்ற அமெரிக்க நிறுவனம் அவ்வாண்டுதான் ஓர் இந்திய அணியை அமைத்திருந்தது. முறையான சம்பளத்தோடு இந்திய இளைஞர்கள் முழுநேரம் விளையாடுவது அப்போது அரிது. வியட்நாம் அணியோடு ஆட்டம் நடந்துகொண்டிருக்கையில் ஓர் இந்திய வீரரின் கணினியை நடுவர்கள் சோதிக்க வந்தனர். அவர் அவசரமாக ஏதோ ஒரு கோப்பை நீக்க முயன்றார். அதன் பெயர் 'வேர்டு.இஎக்ஸ்இ'. அலுவலக மென்பொருளின் பெயரைச் சூடிய, குறிபார்க்க உதவும் கள்ள நிரல் அது. அணி அங்கேயே தகுதியிழந்தது. சில நாட்களில் கலைக்கப்பட்டது. அவருக்கு ஐந்தாண்டுத் தடை விதிக்கப்பட்டது. அது வீட்டிலிருந்து ஆடிய ஆட்டம் அன்று. அரங்கமும் நடுவர்களும் ஏற்பாட்டாளருடையவை. காய் விடுதியுடையதாக இருந்தும் கவறு மாற்றப்பட்டது. பிழை ஏதும் செய்யாத நான்கு பேர் வேலை இழந்தனர். ஒரு நாட்டின் தொழில்முறை ஆட்டமே அடுத்த பல மாதங்கள் அந்தக் கோப்பின் பெயரால் கேலிக்குள்ளானது. கள்ளாட்டத்தின் இழப்பை எதிரணியின் தோல்வியோடு மட்டும் கணக்கிடுவோர் இந்த நான்கு பேரை மறந்துவிடுகின்றனர்.

தமிழில் சிறுவர் விளையாட்டுக்கு அழுகுணி ஆட்டம், போங்காட்டம் என்ற சொற்கள் உண்டு. ஈழத்தில் அளாப்புதல் என்பர். கொச்சித் தெருக்களில் கள்ளக்களி. தெருவில் அளாப்பியவனை ஊரே பார்த்திருக்கும், அன்றைக்கே ஆட்டத்திலிருந்து தள்ளிவைத்து மறுநாள் சேர்த்துக்கொள்ளவும் செய்யும். இணையத்தில் அந்தச் சாட்சியும் இல்லை, அந்த மறுநாளும் பெரும்பாலும் இல்லை.

சாட்சி இல்லாத நிலை முற்றிய வடிவில் தெரிவது சதுரங்கத்தில். இங்கே மறைக்கச் சீட்டு இல்லை, நோட்டமிடச் சுவரும் இல்லை. காய்கள் முழுவதும் சர்வரில், இருவர் கண்ணுக்கும் திறந்தே இருக்கின்றன. கள்ளம் பலகைக்கு வெளியே, பக்கத்து அறையில் அல்லது மற்றொரு திரையில் நிகழ்கிறது. 2006 நவம்பர் இறுதியில் தொடங்கி டிசம்பர் 5 வரை பான் நகரில் நடந்த ஆறு ஆட்டங்களில் உலக வாகையர் விளாதிமிர் கிராம்னிக்கை டீப் ஃபிரிட்ஸ் என்ற மென்பொருள் 4-2 என வென்றது. கடையில் வாங்கக்கூடிய மென்பொருளே உலக வாகையரை விஞ்சிய அதே டிசம்பரில், தில்லியில் சுப்ரதோ முகர்ஜி நினைவுப் போட்டியில், விமானப்படையினர் நடத்திய சோதனையில் ஓர் ஆட்டக்காரரின் தொப்பிக்குள் தைக்கப்பட்ட புளூடூத் கருவி அகப்பட்டது. வெளியிலிருந்து ஒருவர் கணினியின் நகர்த்தல்களைக் காதில் சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்றரை ஆண்டில் அந்த ஆட்டக்காரரின் தரப்புள்ளி 1933இலிருந்து 2484க்கு ஏறியிருந்தது. ஐயம் அந்த ஏற்றத்திலிருந்தே எழுந்தது. அகில இந்தியச் சதுரங்கக் கூட்டமைப்பு அவருக்குப் பத்தாண்டுத் தடை விதித்தது. தொப்பியைக் கழற்றிப் பார்க்க முடிந்த காலம் அது.

2020இன் பெருந்தொற்று தொப்பியைக் கண்ணுக்கு எட்டாத தொலைவுக்குக் கொண்டுசென்றது. அவ்வாண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பு முதல் இணைய ஒலிம்பியாடை நடத்தியபோது வீரர்கள் தத்தம் வீட்டில் கேமராவின் பார்வையில் அமர்ந்து ஆடினர். அதன் காலிறுதியில் நடந்ததும் இறுதியில் நடந்ததும் கள்ளாட்ட வரலாற்றின் ஓரத்தில் நிற்பவை. ஆயினும் தள்ளத்தக்கவை அல்ல. காலிறுதியில் திருச்சூரைச் சேர்ந்த நிஹால் சரினுக்கு எதிராக ஆடிய அர்மேனிய வீரரின் இணைப்பு அறுந்தது. நேரம் கழிந்து தோற்றார். தங்கள் பக்கம் இணைப்பில் குறையில்லை என்று அர்மேனியா முறையிட்டது. மறுக்கப்பட்டதும் போட்டியிலிருந்தே விலகியது. ஆகஸ்ட் 30 அன்று ரஷ்யாவோடு இறுதிப்போட்டி. உலகளாவிய ஓர் இணையத் தடங்கலில் இம்முறை நிஹால் சரினும் திவ்யா தேஷ்முக்கும் இணைப்பை இழந்து நேரத்தால் தோற்றனர். இந்தியா முறையிட்டது, கூட்டமைப்பின் தலைவர் இரு நாடுகளுக்கும் தங்கம் என அறிவித்தார். இரண்டு நாள் இடைவெளியில் ஒரே வகை விபத்துக்கு இரு வகைத் தீர்ப்பு. இரண்டுக்கும் இடையே தொழில்நுட்ப வேறுபாடு இருந்தது என்பது உண்மை. ஆனால் விபத்தையும் சூழ்ச்சியையும் வேறுபடுத்தத் தேவையான சான்று முழுவதும் தளத்தை நடத்துவோரிடமே இருந்தது என்பதும் உண்மை. அர்மேனியர் கோபத்தை வெறும் தோல்விக் கோபமாகக் கொள்வது நியாயமன்று.

கள்ளாட்டம் என்பதில் ஐயமே இல்லாத நிகழ்வு 2021 ஜூன் 13 அன்று சென்னைக்கு வந்தது. கோவிட் நிவாரண நிதிக்காக விசுவநாதன் ஆனந்த் பல பிரபலங்களோடு இணையத்தில் ஆடினார். ஜெரோதா நிறுவனர்களுள் ஒருவரான நிகில் காமத் அவரை வென்றார். பார்த்தவர்கள் அன்றே ஐயுற்றனர். மறுநாள் காமத், ஆட்டத்தை அலசியவர்களின் உதவியும் கணினியின் உதவியும் பெற்றதை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். தளம் அவரது கணக்கை மூடிப் பின்னர் மீட்டளித்தது. தரப்புள்ளிக்குரிய ஆட்டமன்று, ஆனந்தும் மேற்கொண்டு எதையும் விரும்பவில்லை என்பது விளக்கம். தாம் பலகையில் இருந்த நிலையை ஆடியதாகவும் மற்றவரிடமும் அதையே எதிர்பார்த்ததாகவும் ஆனந்த் சுருக்கமாகச் சொல்லி நிறுத்திக்கொண்டார். அறப்பணிக்கான விளையாட்டில் இத்தனை கடுமை வேண்டுமா என்று கேட்டவர்கள் உண்டு. கேள்வி தவறன்று. ஆனால் அதே தளத்தில் பணமும் புகழும் அற்ற ஒரு மாணவரின் கணக்கு மூடப்பட்டால் அது இவ்வளவு விரைவில் திறக்குமா என்பதும் கேட்கத்தக்கதே.

இங்கே அகப்பட்டது ஒப்புதலால். ஒப்புக்கொள்ளாதவரை என்செய்வது? அதற்கு இன்று உள்ள கருவி நிகழ்தகவு. பஃபலோ பல்கலைக்கழகக் கணினி அறிவியல் பேராசிரியர் கென்னத் ரீகன் பல ஆண்டுகளாக வளர்த்த முறையில், ஒருவரின் நகர்த்தல்கள் கணினியின் முதல் தெரிவோடு எத்தனை முறை ஒத்துப்போகின்றன என்பது, அவர் தரப்புள்ளிக்கு எதிர்பார்க்கத்தக்க அளவோடு ஒப்பிடப்படுகிறது. விலகல் மிகப் பெரிதானால் ஐயம் வலுக்கும். தளங்கள் இதனோடு நகர்த்த எடுத்த நேரம், வேறு திரைக்கு மாறிய தருணங்கள் முதலியவற்றையும் சேர்த்துக்கொள்கின்றன. முறை கூர்மையானது; ஆனால் அதன் கணக்கை மாணவர்கள் ஒருமுறை தாளில் போட்டுப் பார்க்க வேண்டும். நேர்மையானவரைப் பத்தாயிரத்தில் ஒரு முறை மட்டுமே தவறாகச் சுட்டும் சோதனை என்று கொள்வோம். பத்து லட்சம் நேர்மையாளர்களைச் சோதித்தால் நூறு பேர் சுட்டப்படுவர். ஆயிரம் பேரில் ஒருவர் கள்ளர் என்றால், அந்தக் கூட்டத்தோடு ஏறக்குறைய ஆயிரம் கள்ளர்களும் இருப்பர். அனைவரும் அகப்பட்டாலும் சுட்டப்படும் பதினொரு பேரில் ஒருவர் குற்றமற்றவர். கள்ளர்கள் குறையக் குறைய இந்த விகிதம் இன்னும் மோசமாகும். இதனாலேயே ரீகன் போன்றோர் எண்ணை மட்டும் வைத்து ஒருவரைத் தண்டிக்கத் தயங்குகின்றனர். ஒரு கருவியோ ஒரு சாட்சியோ உடன் இருந்தால் எண்ணின் மதிப்பு பன்மடங்காகும்.

இந்தத் தயக்கம் பொதுவெளியில் இல்லை. 2022 செப்டம்பரில் ஹான்ஸ் நீமனிடம் தோற்ற மாக்னஸ் கார்ல்சன் போட்டியிலிருந்து விலகியபின், நீமன் நூற்றுக்கு மேற்பட்ட இணைய ஆட்டங்களில் உதவி பெற்றிருக்கக்கூடும் என்று 72 பக்க அறிக்கையைச் செஸ்.காம் வெளியிட்டது. கார்ல்சனோடு நேரில் ஆடிய அந்த ஆட்டத்தில் கள்ளம் இருந்ததாக நிறுவப்படவே இல்லை. 10 கோடி டாலர் இழப்பீடு கேட்ட வழக்கு 2023இல் தள்ளுபடியாகி, பின் உடன்பாட்டில் முடிந்தது. இணைய ஆட்டத்தில் புகழ்பெற்ற அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் டேனியல் நரோடிட்ஸ்கி மீது கிராம்னிக் 2024இலிருந்து பொதுவெளியில் ஐயம் எழுப்பிவந்தார். சான்று எதுவும் வரவில்லை. தாம் இதனால் வாட்டமுற்றிருப்பதை நரோடிட்ஸ்கி சொல்லியிருந்தார். 2025 அக்டோபரில் அவர் 29ஆம் வயதில் இறந்தார். இறப்பையும் ஐயத்தையும் காரண காரியமாக இணைக்க வரலாற்று மாணவருக்கு உரிமையில்லை. பன்னாட்டுக் கூட்டமைப்பு கிராம்னிக்கின் பேச்சுகளைத் தன் நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பியது என்பதைப் பதியலாம். 2006இல் மென்பொருளிடம் தோற்ற அதே மனிதர், இருபதாண்டு கழித்து ஒவ்வொரு எதிராளியின் பின்னாலும் மென்பொருளைக் கண்டார்.

சதுரங்கத்தில் நிகழ்தகவு ஒருவர் பெயரைக் கெடுக்கும். ரம்மியில் போவது பணம், சிலர் விஷயத்தில் உயிர். தமிழ்நாட்டில் அடுத்தடுத்து நேர்ந்த தற்கொலைகளே அரசின் வாதத்தில் முன்னே நின்றன. 2021ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் அவ்வாண்டு ஆகஸ்ட் 3 அன்று நீக்கியது. 2022 ஜூனில் நீதிபதி கே.சந்துரு தலைமையிலான குழு அறிக்கை தந்தது. அவ்வாண்டு அக்டோபரில் புதிய சட்டம் நிறைவேறியது. ஆளுநர் திருப்பியனுப்ப, 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேறி ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. இம்முறை அரசு முன்வைத்த வாதங்களுள் ஒன்று, எர்ணாகுளத்தில் மையத்துக்கு வராத கேள்வியைத் தொட்டது. இணைய ரம்மியில் சீட்டு போடுவது மென்பொருள். அதற்கு எல்லார் கையும் தெரியும். எதிரே ஆடுவது நிரலாகவும் இருக்கலாம். ஆகவே இது செகந்திராபாத் மன்றத்து ரம்மி அன்று. 2023 நவம்பர் 9 அன்று தலைமை நீதிபதி எஸ்.வி.கங்காபூர்வாலா, நீதிபதி பி.டி.ஆதிகேசவலு அமர்வு, இந்த அச்சத்துக்கு ஆதாரம் காட்டப்படவில்லை என்று கூறி, ரம்மியையும் போக்கரையும் தடைசெய்த அட்டவணையை நீக்கியது. வயது, நேரம் முதலியவற்றை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை அரசுக்கு விட்டுவைத்தது.

நீதிமன்றத்தின் நிலை சட்டப்படி பிழையன்று; ஆதாரமற்ற அச்சத்தின் மேல் தடையைக் கட்ட முடியாது. ஆனால் ஆதாரம் இருக்கக்கூடிய ஒரே இடம் நிறுவனங்களின் சர்வர். அதைத் திறந்து பார்க்கும் பொறியாளர் குழு ஒன்றை அரசு வாதத்துக்கு முன்பே அமைத்திருக்க வேண்டும். வாதம் வலுவிழந்தது அங்கேதான். நிறுவனங்கள் காட்டும் வெளி ஆய்வகச் சான்றிதழ்கள் சீட்டுக்கலைப்பின் தற்செயல் தன்மையைப் பற்றியவை. 1999இன் குறையை அவை தீர்க்கும். 2007இன் குறையைத் தொடா. பின்னர் வந்த விதிகள் நள்ளிரவு முதல் காலை 5 மணிவரை ஆட்டத்தை நிறுத்தச் சொல்லின. ஆட்டக்காரர் ஆதார் வழி தன்னை நிறுவச் சொல்லின. 2025 ஜூன் 3 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அவற்றை ஏற்றது. தான் மனிதன் என்று ஆடுபவர் விடுதிக்கு நிறுவுகிறார். எதிரே இருப்பதும் மனிதன் என்று விடுதி அவருக்கு நிறுவுவதில்லை.

2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் திறமை, அதிர்ஷ்டம் என்ற பாகுபாடின்றித் தடைசெய்தது. மின்விளையாட்டுப் போட்டிகளை வேறாகப் பிரித்து அங்கீகரித்தது. கண்காணிப்பாளனின் வழியை விட்டு மனுவின் வழிக்கு நாடு திரும்பியது எனலாம். அதே ஆண்டு நவம்பரில் அமலாக்கத் துறை, ஒரு நிறுவனம் பணம் கட்டி ஆடியவர்களுக்கு எதிரே அவர்கள் அறியாமல் நிரல்களை ஆடவிட்டதாகக் குற்றம் சாட்டியது. குற்றச்சாட்டு மட்டுமே அது. நிறுவப்பட்டால், 2023இல் ஆதாரமில்லை என்று ஒதுக்கப்பட்ட ஐயத்துக்கு முதல் இந்திய ஆதாரம் அதுவாகும்.

இனி கௌடில்யரின் அந்த மறுப்பு. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டத்தில் சூதாடியவருக்கும் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும் உண்டு. முன்னோர் கருத்துக்கு நெருக்கமான ஏற்பாடு. 2025ஆம் ஆண்டுச் சட்டம் ஆடியவரைத் தண்டிப்பதில்லை; நடத்துவோரையும் விளம்பரம் செய்வோரையும் பணப் பரிமாற்றத்துக்கு உதவுவோரையுமே தண்டிக்கிறது. தோற்றவர் இப்போது அஞ்சாமல் புகாரோடு வரலாம். வரும்போது அவர் கையில் இருப்பது வங்கிக் கணக்கிலிருந்து பணம் போனதற்கான குறுஞ்செய்திகள். யார் எந்தச் சீட்டை எப்போது எடுத்தார், எதிரே யார் இருந்தார் என்ற பதிவு விடுதியிடம் இருக்கிறது.